பச்சைத் தேயிலைக் கணக்குக்கு ஒரு செயல்முறை வரைபடம்: பிபிஎம்என் மென்பொருளைத் தேர்ந்தெடுத்த அனுபவம்

கோத்தகிரிக்கு அருகில், சிறு விவசாயிகளிடமிருந்து பச்சைத் தேயிலை வாங்கித் தூளாக்கும் தொழிற்சாலை ஒன்றில் நிர்வாகப் பணியில் இருக்கிறேன். இலை வந்து இறங்குவது முதல் விவசாயியின் வங்கிக் கணக்கில் பணம் சேர்வது வரையிலான நடைமுறை முழுவதும் எங்கள் மூத்த எழுத்தர் ஒருவரின் நினைவிலும் அவர் கைப்பட எழுதிவந்த பேரேடுகளிலும்தான் இருந்தது. அவர் ஓய்வு பெறும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. கணக்குக்கெனப் புதிய மென்பொருள் எழுதித்தரும்படி கோயம்புத்தூர் நிறுவனம் ஒன்றிடமும் பேசியிருந்தோம். நடைமுறையை பிபிஎம்என் 2.0 வரைபடமாகக் கொடுத்தால் தங்கள் வேலை எளிதாகும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். அதை எந்த மென்பொருளில் வரைவது என்று தேடியதையும், தேடலின்போது தெரிந்துகொண்டவற்றையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பிபிஎம்என் என்பது ஒரு நிறுவனத்தில் வேலை நடக்கும் வரிசையைப் படமாக எழுதுவதற்கான பொதுக் குறியீட்டு முறை. இதன் முதல் பதிப்பு 2004இல் வெளிவந்தது. அதை உருவாக்கிய அமைப்பு மறு ஆண்டே ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப் என்னும் தர நிர்ணய அமைப்புடன் இணைந்துவிட்டது. 2011இல் வந்த 2.0 பதிப்பின் வழிவந்ததுதான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது; 2013இல் அது ஐஎஸ்ஓ/ஐஇசி 19510 என்ற பன்னாட்டுத் தரமாகவும் ஏற்கப்பட்டது. வட்டம் ஒரு நிகழ்வு. மெல்லிய கோட்டு வட்டம் தொடக்கத்தையும், தடித்த கோட்டு வட்டம் முடிவையும், இரட்டைக் கோட்டு வட்டம் இடையில் நிகழ்வதையும் குறிக்கும். முனை மழுங்கிய செவ்வகம் ஒரு பணி. சாய்சதுரம் வழி பிரியும் இடம். அதை கேட்வே என்கிறார்கள். ஒரு தரப்பார் செய்வது முழுவதும் பூல் எனப்படும் நீண்ட பட்டைக்குள் அடங்கும்; அந்தத் தரப்புக்குள் யார் எந்தப் பணியைச் செய்கிறார்கள் என்பதை லேன்கள் பிரித்துக் காட்டும்.

மென்பொருளைத் தேர்ந்தெடுப்பவர் இவற்றைவிட முக்கியமாக அறிய வேண்டியது, 2.0 பதிப்பு குறியீடுகளோடு கோப்பின் வடிவத்தையும் வரையறுத்தது என்பதுதான். தரத்தின்படி சேமிக்கப்பட்ட எக்ஸ்எம்எல் கோப்பில், அதாவது குறிச்சொற்களால் எழுதப்பட்ட உரைக்கோப்பில், இரண்டு பகுதிகள் இருக்கும். எந்தப் பணிக்குப் பின் எந்தப் பணி, எந்தச் சாய்சதுரத்திலிருந்து எத்தனை வழிகள் என்னும் பொருள் முதற்பகுதியில் இருக்கும். ஒவ்வொரு குறியீடும் தாளில் எந்த இடத்தில், எவ்வளவு அகல உயரத்தில் நிற்கிறது என்னும் அளவுகள் இரண்டாம் பகுதியில் இருக்கும். இவ்விரண்டும் சரியாக இருந்தால், ஒரு மென்பொருளில் வரைந்ததை இன்னொன்றில் திறந்து மேற்கொண்டு வேலை செய்யலாம். பார்வைக்கு அதே வட்டமும் செவ்வகமும் இருந்தும் கோப்பு வேறு வடிவத்தில் இருந்தால், கோயம்புத்தூரில் அதைத் திறப்பவருக்கு ஒரு படம் மட்டுமே கிடைக்கும். அவர் எல்லாவற்றையும் மறுபடி வரைய வேண்டியிருக்கும். ஆகவே, திரையின் அழகையோ வசதிகளின் எண்ணிக்கையையோ பார்க்கும் முன் சேமிப்பு வடிவத்தைப் பார்ப்பது என்று முதலிலேயே முடிவு செய்தேன்.

இடத்தைப் பொறுத்த தேவைகளும் இருந்தன. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மரம் விழுந்தோ மண் சரிந்தோ இணைய இணைப்பு அறுந்துபோவது எங்கள் பகுதியில் வழக்கம். அந்த நாள்களிலும் இலை வரத்தும் கணக்கும் நிற்பதில்லை. இணையம் இல்லாமலே இயங்குவதும், அலுவலகத்தின் பழைய விண்டோஸ் கணினியில் ஓடுவதும், தமிழ் எழுத்துகளைப் பிசகாமல் காட்டுவதும் கட்டாயம் என்று வைத்துக்கொண்டேன். எடை நிலையத்தில் இருப்பவர்கள் கணினித் திரையைப் பார்ப்பவர்கள் அல்லர் என்பதால், சுவரில் ஒட்டும் அளவுக்குத் தெளிவான அச்சுப்படி எடுக்க முடிய வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

மென்பொருள்களோடு வரும் மாதிரிப் படங்கள் எல்லாவற்றிலும் நன்றாகத்தான் இருக்கும். விடுப்பு விண்ணப்பத்தை மேலாளர் ஏற்பதோ மறுப்பதோ எந்தக் கருவிக்கும் சிரமம் தராது. அதனால் எங்கள் நடைமுறையின் சிக்கலான பகுதிகளையே சோதனைப் படமாகத் தாளில் வரைந்துகொண்டு, அதே படத்தை ஒவ்வொரு கருவியிலும் வரைந்து பார்த்தேன். அந்தச் சோதனைப் படத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மென்பொருளைத் தீர்மானித்ததே அதுதான்.

பச்சை இலை வாங்கும் தொழிலில், இலை கைமாறும் நாளில் அதன் விலை தெரியாது. நீலகிரியில் தேயிலை வாரியம் ஏல விலைகளை அடிப்படையாக வைத்து, விற்பனை விலையை விவசாயிக்கும் தொழிற்சாலைக்கும் பிரிக்கும் விலைப் பகிர்வு முறைப்படி, ஒவ்வொரு மாத இலைக்கும் குறைந்தபட்ச சராசரி விலையை அறிவிக்கிறது. அதுவரை விவசாயியின் பெயரில் எடை மட்டுமே ஏறிக்கொண்டிருக்கும். இடையில் அவர் வாங்கிய முன்பணமும் உரக்கடனும் தனியே பதிவாகும். விலை வந்த பிறகுதான் கணக்கு முடிந்து பணம் போகும். இதை முதன்முதலில் படமாக்கும் எவரும் இலை வருவதிலிருந்து பணம் போவது வரை ஒரே நீண்ட கோடாகத்தான் இழுப்பார்கள். பார்க்க இயல்பாகத் தோன்றினாலும், பிபிஎம்என் இலக்கணப்படி அது பொருந்தாது. ஒரு செயல்முறை தொடங்கும்போதெல்லாம் அதன் தனி ஓட்டம் (இன்ஸ்டன்ஸ்) ஒன்று உருவாகிறது. இலை வாங்கும் செயல்முறை ஒவ்வொரு லாரிச் சுமைக்கும் ஒருமுறை ஓடுகிறது. கணக்கு முடிக்கும் செயல்முறை மாதத்துக்கு ஒருமுறை ஓடுகிறது. இரண்டையும் ஒரே கோட்டில் கோத்தால், ஒவ்வொரு சுமைக்கும் தனித்தனியாக மாதக் கணக்கு முடிப்பதாகப் பொருளாகிவிடும். அந்தப் படத்தை நம்பி எழுதப்படும் நிரலும் அப்படியே நடக்கும்.

எனவே இரண்டு செயல்முறைகளாகப் பிரித்தேன். முதலாவது, சுமை வந்து சேரும் நிகழ்வில் தொடங்கி, தரம் பார்த்து, எடை போட்டு, மழை ஈரம் இருந்தால் அதற்குரிய கழிவைக் குறைத்து, இலைப் பேரேட்டில் பதிந்து முடிகிறது. இரண்டாவது, மாதத்தின் கடைசி நாளைக் குறிக்கும் கடிகாரக் குறியில் தொடங்குகிறது. மொத்த எடையைத் திரட்டி, விலை அறிவிப்புக்காகக் காத்திருந்து, பிறகு ஒவ்வொரு விவசாயிக்கும் தொகையைக் கணக்கிட்டுப் பட்டுவாடா செய்கிறது. இரண்டுக்கும் இடையில் அம்புக்குறி எதுவும் கிடையாது. உருளை வடிவத் தரவுக் கிடங்காக நிற்கும் இலைப் பேரேடுதான் தொடர்பு. ஒன்று அதில் எழுதுகிறது, மற்றது அதிலிருந்து படிக்கிறது.

விலை அறிவிப்பைக் காட்ட உறைக்குறி போட்ட செய்தி நிகழ்வைவிட முக்கோணக் குறியிட்ட சமிக்ஞை நிகழ்வே பொருத்தமானது. செய்தி ஒருவரை முன்னிட்டுப் போவது, சமிக்ஞை கேட்பவர் அனைவருக்கும் பொதுவாக ஒலிப்பது. ஒவ்வொரு விவசாயிக்கும் திரும்பத் திரும்ப நடக்கும் வேலையை மூன்று கோடுகள் இட்ட துணைச் செயல்முறையாகக் காட்டினேன். கோடுகள் நின்றவாக்கில் இருந்தால் எல்லோருக்கும் ஒருசேர நடக்கலாம். படுத்தவாக்கில் இருந்தால் ஒருவர் பின் ஒருவராக.

எடை நிலையத்துப் பெரியவரிடம் முதல் கைவரைவைக் காட்டியபோது இன்னொன்று தெரியவந்தது. 'லாரி வருகைக்குக் காத்திரு' என்றும், மாலை ஆறு மணியானால் காத்திருப்பதை விட்டு ஓட்டுநருக்குத் தொலைபேசியில் பேசுவது என்றும் எழுதியிருந்ததைப் பார்த்துவிட்டு, "காத்திருக்கிறத விடறது எங்க சார், போன் ஒரு பக்கம் போட்டுக்கிட்டேதான் இருப்போம், காத்துக்கிட்டும் இருப்போம். இலை சாக்குல சூடேறிட்டா செவந்து போயிடுமே," என்றார். அவர் சொன்ன வேறுபாட்டுக்கு பிபிஎம்என்னில் சரியான குறி இருக்கிறது. பணியின் விளிம்பில் ஒட்டும் கடிகார நிகழ்வு முழுக்கோட்டு வட்டமாக இருந்தால், நேரம் ஆனதும் அந்தப் பணி நிறுத்தப்பட்டு வேறு வழி தொடங்கும். விட்டுவிட்டு வரைந்த கோட்டு வட்டமாக இருந்தால், பணியும் தொடரும், புதிய வழியும் கூடவே தொடங்கும். பனிமூட்டத்தில் மலைப்பாதையில் லாரி தாமதமாவது இங்கே அன்றாடம் என்பதால், இந்தக் கோட்டின் வகை எங்களுக்கு மிகவும் முக்கியமானதாயிற்று.

இந்தப் படத்தோடு கருவிகளுக்குப் போனேன். லிப்ரே ஆபீஸ் டிரா ஏற்கெனவே கணினியில் இருந்தது. பிபிஎம்என் தர வடிவத்தில் சேமிக்கும் வசதி அதில் இல்லாததால் அதை உடனே விலக்கினேன். லூசிட்சார்ட், 2021இல் எஸ்ஏபி வாங்கிய சிக்னாவியோ போன்ற இணையவழிச் சேவைகளை, மேலே சொன்ன மழைக்காலக் காரணத்தால், எடுத்துக்கொள்ளவில்லை. மைக்ரோசாப்டின் விசியோவில் பிபிஎம்என் வார்ப்புரு இருக்கிறது, விதிமீறல்களைச் சரிபார்க்கவும் செய்கிறது. ஆனால் அந்த வசதி உயர்நிலைப் பதிப்பில்தான் கிடைக்கும். ஆண்டுக்குச் சில படங்கள் வரையும் ஓர் அலுவலகம் அதற்குச் சந்தா கட்டுவது நியாயமாகப் படவில்லை. ஒய்எட் இலவசம், சிக்கிக் கிடக்கும் படத்தை ஒரே சொடுக்கில் அழகாக அடுக்கித் தரும் திறமை அதற்கு உண்டு, ஆனால் சேமிப்பது கிராப்எம்எல் என்ற வேறொரு வடிவத்தில்.

டிரா.ஐஓ பலருக்குப் பழக்கமானது. இணையம் இல்லாமல் இயங்கும் மேசைக்கணினிப் பதிப்பும் உண்டு. பிபிஎம்என் வடிவங்கள் அனைத்தும் அதன் பெட்டியில் இருக்கின்றன. தமிழ் எழுத்துகளும் நன்றாக வருகின்றன. விரைவாக வரைய அதைவிட இலகுவான கருவியை நான் பார்க்கவில்லை. ஆயினும் அது வரைபலகை; குறியீட்டின் இலக்கணத்தைக் காப்பது அதன் வேலை இல்லை. பிபிஎம்என்னில் ஒரு பூலுக்குள் இருக்கும் பணிகளை முழுக்கோட்டு அம்புதான் இணைக்க வேண்டும்; அந்த அம்பு பூலின் எல்லையைத் தாண்டக் கூடாது. பூலிலிருந்து பூலுக்குப் போவது விட்டுவிட்டு வரைந்த செய்திக் கோடாக இருக்க வேண்டும். டிரா.ஐஓ இரண்டையும் எங்கு வேண்டுமானாலும் இழுக்க விடும். கோப்பும் அதற்கே உரிய வடிவத்தில்தான் சேமிக்கப்படுகிறது. ஒரு கூட்டத்தில் கருத்தைப் படமாகக் காட்டி விளக்கினால் போதும் என்பவர்களுக்கு அதையே பரிந்துரைப்பேன்.

இறுதிப் போட்டி பிசாகி மாடலருக்கும் கமுண்டா மாடலருக்கும் இடையில் இருந்தது. பிசாகி விண்டோஸில் இயங்குகிறது. கணக்கு ஒன்றைத் தொடங்கி உள்நுழைய வேண்டும். பணிகளுக்கு எழுதும் விளக்கங்களைத் தொகுத்து வேர்டு, பிடிஎப் ஆவணமாகத் தருவதும், ஒரு பணிக்கு இத்தனை நிமிடம், இத்தனை ஆள் என்று கொடுத்தால் எங்கே வரிசை தேங்கும் என்று பாவனையாக ஓட்டிக் காட்டுவதும் அதன் பெரிய பலங்கள். அது தன் சொந்த வடிவத்தில் சேமிப்பதால், தர வடிவத்துக்கு மாற்றுவது நாமே நினைவாகச் செய்ய வேண்டிய தனி வேலையாகிறது. கமுண்டா மாடலர் திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். விண்டோஸில் ஜிப் கோப்பைப் பிரித்து அப்படியே திறந்து பயன்படுத்தலாம். உள்நுழைவு எதுவும் வேண்டியதில்லை. எல்லாவற்றையும்விட, அது நேரடியாகத் தர வடிவத்திலேயே சேமிக்கிறது. ஏற்றுமதி, மாற்றம் என்ற பேச்சே எழுவதில்லை.

அதில் வரையும்போது இலக்கணம் கையைப் பிடித்து நடத்துகிறது. விவசாயியின் பூலிலிருந்து எங்கள் பூலில் உள்ள 'இலையை எடை போடு' என்ற பணிக்கு அம்பை இழுத்தால், அது தானாகவே செய்திக் கோடாக மாறி நிற்கிறது. பணியின் விளிம்பில் வட்டத்தை ஒட்டவைத்து, திருகுக் குறடு போன்ற குறியைச் சொடுக்கினால், நிறுத்தும் கடிகாரம், நிறுத்தாத கடிகாரம் இரண்டும் பட்டியலில் தனித்தனியே வருகின்றன. ஆறு மணிப் பிரச்சினை ஒரு சொடுக்கில் தீர்ந்தது.

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இந்தக் கருவியில் ஒரு குழப்பம் நேரலாம். கமுண்டா நிறுவனம் இதைத் தன் தானியக்க இயந்திரத்துக்காக (வரைந்த படத்தின்படியே வேலையை ஓட்டும் மென்பொருளுக்காக) உருவாக்கியிருப்பதால், புதிய படம் தொடங்கும்போதே எந்த இயந்திரப் பதிப்புக்கு என்று கேட்கும். பல்சக்கரக் குறியிட்ட சேவைப் பணியைப் போட்டால், அதற்குரிய நிரல் விவரம் இல்லை என்று கீழே பிழைப் பட்டியலில் காட்டும். நடைமுறையை ஆவணமாக்குவது மட்டுமே நோக்கம் என்றால் அந்த எச்சரிக்கைகள் படத்தின் இலக்கணத்தைப் பற்றியவை அல்ல. பணிகளை வகை குறிக்காத வெறும் பணிகளாகவோ, கைக்குறியிட்ட கைவேலையாகவோ வைத்துக்கொண்டால் அவை பெரும்பாலும் எழுவதில்லை. எடை போடுவதைக் கைவேலையாகவும், பேரேட்டுப் பதிவை ஆள்குறியிட்ட பயனர் பணியாகவும் வைத்தேன். எதை இயந்திரம் செய்யும் என்பதை மென்பொருள் நிறுவனத்தார் தீர்மானித்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

தமிழ் எழுத்தைத் தனியாகச் சோதிக்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன். பணிப் பெட்டிகள் ஆங்கிலத்தின் குறுஞ்சொற்களை மனத்தில் கொண்டு அளவெடுக்கப்பட்டவை. கமுண்டாவில் ஒரு பெட்டியின் இயல்பளவு 100க்கு 80 புள்ளிகள். அந்த அகலத்தில் 'பதிவுசெய்துகொள்ளவும்' என்ற ஒரே சொல் அடங்காது. இடைவெளி உள்ள இடத்தில் வரியை உடைக்கும் கருவி, இடைவெளியே இல்லாத சொல்லைக் கண்டால் எங்காவது வெட்டியாக வேண்டும். நான் பார்த்த ஒரு கருவி 'கொ' என்ற எழுத்தின் நடுவில் வெட்டிவிட்டது: மேல் வரியின் கடைசியில் 'க' மட்டும் நிற்க, கீழ் வரியின் தொடக்கத்தில் அதன் உயிர்க்குறி ஒரு புள்ளி வட்டத்தைச் சுற்றி அநாதையாக நின்றது. இதற்குத் தீர்வு எழுத்து நடையிலேயே இருக்கிறது. 'பேரேட்டில் பதி', 'கழிவைக் குறை', 'பட்டியல் தயாரி' என்று செயப்படுபொருளும் ஏவல் வினையுமாகச் சுருக்கி எழுதினால் சொற்கள் உடைவதில்லை, படிக்கவும் எளிது. பணியின் பெயரில் வினை ஒன்று இருக்க வேண்டும் என்பது பிபிஎம்என் வரைபவர்கள் பரவலாகப் பின்பற்றும் வழக்கமும்கூட. வரியை நாமே பிரிக்க விரும்பினால் ஷிப்ட் விசையோடு என்டரை அழுத்தலாம்.

அடுத்து, கோப்பு உண்மையிலேயே கைமாறுகிறதா என்ற சோதனை. பல மென்பொருள்கள் பிபிஎம்என் 2.0 ஆதரவு உண்டு என்று அறிவிக்கின்றன. ஆனால் ஒன்றில் எழுதியதை இன்னொன்று எந்த அளவுக்குச் சிதையாமல் படிக்கிறது என்பது வேறு கேள்வி. ஆப்ஜெக்ட் மேனேஜ்மென்ட் குரூப்பின் கீழ் இதற்கென்றே ஒரு பணிக்குழு, பொதுவான சோதனைப் படங்களை வைத்துக்கொண்டு, கருவிகளிடையே பரிமாற்றத்தைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டுவருகிறது. வாங்கும் முன் அதைப் பார்ப்பது நல்லது. எங்கள் படத்தை நான் ஒரு கருவியில் சேமித்து, இன்னொன்றில் திறந்து, அங்கே மறுபடி சேமித்து, முதல் கருவிக்கே கொண்டுவந்து பார்த்தேன். பெயர்களும் லேன்களும் எங்கும் பிழைத்தன. கவனிக்க வேண்டியவை சிறிய குறிகள்: நிறுத்தாத கடிகாரத்தின் விட்டுவிட்ட கோடு, துணைச் செயல்முறையின் மூன்று கோடுகள், தரவுக் கிடங்குக்குப் போகும் புள்ளிக்கோடு, அம்புகளுக்கு அருகில் எழுதிய நிபந்தனைகளின் இடம். ஒரு சுற்றில் விட்டுவிட்ட வட்டம் முழுக்கோடாகத் திரும்பிவந்தது. கண்ணுக்கு அற்பமான மாற்றம்; பொருளிலோ, லாரிக்குக் காத்திருப்பதை ஆறு மணிக்குக் கைவிடுவதாக ஆகிவிடுகிறது. கோப்பை நோட்பேடில் திறந்தால் இதை நேரடியாகவே பார்க்கலாம். பணிகளின் பெயர்கள் தமிழிலேயே யூடிஎப்-8 எழுத்துகளாக இருப்பதால், தேடல் வசதியைக் கொண்டு அந்தப் பணியைக் கண்டுபிடித்து, அதனுடன் ஒட்டியுள்ள நிகழ்வு நிறுத்துவதா அல்லவா என்று எழுதியிருப்பதைச் சரிபார்ப்பது கடினமில்லை.

அச்சுக்கு, எவ்வளவு பெரிதாக்கினாலும் தெளிவு குறையாத எஸ்விஜி படமாக ஏற்றுமதி செய்தேன். எஸ்விஜி கோப்பில் பொதுவாக எழுத்துரு உள்ளே இருப்பதில்லை, பெயர் மட்டுமே இருக்கும். நம் கணினியில் நிர்மலா எழுத்துருவில் அழகாகத் தெரிவது, அச்சுக்கடையின் கணினியில் வேறு எழுத்துருவுக்குத் தாவி, அகலம் கூடிப் பெட்டியைவிட்டு வெளியே வழியலாம். இங்க்ஸ்கேப் என்ற வரைமென்பொருளில் திறந்து, எழுத்துகளையெல்லாம் வடிவங்களாக மாற்றி, பிடிஎப்பாகச் சேமித்துக் கொடுத்துவிட்டால் இந்தக் கவலை இல்லை. ஏ3 தாளில் லாரி முதல் பேரேடு வரையிலான முதல் செயல்முறை தெளிவாக வந்தது. இரண்டு செயல்முறைகளையும் ஒரே தாளில் திணிக்கவில்லை. எடை நிலையத்துக்கு முதலாவது, கணக்குப் பிரிவுக்கு இரண்டாவது.

கமுண்டா மாடலரையே வைத்துக்கொள்வதென முடிவாயிற்று. ஒவ்வொரு செயல்முறைக்கும் ஒரு கோப்பு. கோப்பின் பெயரில் தேதி. நடைமுறை மாறினால் பழைய கோப்பை அழிக்காமல் புதிய பெயரில் சேமித்தல். கோயம்புத்தூரில் இருப்பவர்கள் எதையும் நிறுவாமல், பிபிஎம்என்.ஐஓ தளத்தில் கோப்பை இழுத்துப் போட்டு உலாவியிலேயே பார்க்கிறார்கள். அதே வரைநிரல்தான் கமுண்டா மாடலருக்கும் அடிப்படை என்பதால் இருபுறமும் படம் ஒன்றாகவே தெரிகிறது. இலை வரத்து உச்சமாகும் மாதங்களில் எடை நிலையத்தில் எவ்வளவு நேரம் தேங்குகிறது என்று பாவனையாக ஓட்டிப் பார்க்கும் வசதி இதில் இல்லை. இரண்டாவது எடைமேடை வாங்குவது பற்றிய பேச்சு நிர்வாகத்தில் எழுந்திருப்பதால், அந்தக் கணக்குக்கு மட்டும் இதே கோப்பை பிசாகியில் இறக்கி, எடைச்சீட்டுகளில் உள்ள நேரங்களைப் பணி நேரங்களாகக் கொடுத்து ஓட்டப்போகிறோம்.